பல்செட்காரரின் சர்க்கரைப் பூக்கள்

மார்ச் 4

சம்பந்திக்கு,

வணக்கம். இந்தக் கடிதத்தை நானாக எழுதவில்லை. உங்கள் பெண்ணும் என் மகனும் சேர்ந்து போட்ட சட்டம் இது. "இனிமே நீங்க ரெண்டு பேரும் போன்ல பேசக் கூடாது. எதுவா இருந்தாலும் எழுதுங்க. எழுதி முடிக்கிறதுக்குள்ள பாதிக் கோபம் ஆறிடும்" என்று சொல்லி, மகன் என் கையில் பேனாவைத் திணித்துவிட்டுப் போய்விட்டான். நான் 'ஹலோ' என்று சொன்னதே உங்களுக்குச் சண்டைக்கு இழுத்த மாதிரிக் கேட்டதாமே? நான் கடையில் நாலு அடுப்புச் சத்தத்துக்கு நடுவில் பேசிப் பழகியவள். என் குரலே அப்படித்தான்.

விஷயத்துக்கு வருகிறேன். கல்யாணத்துக்கு முந்நூறு கப் கேக் என் கடையில் செய்கிறேன். ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு சர்க்கரைப் பூ. வழக்கமாகப் பூ செய்கிற பெண்ணுக்கு அடுத்த மாதம் பிரசவம். சரி, நானே செய்துகொள்ளலாம் என்று இருந்தேன். நேற்று உங்கள் பெண் வந்து, "பூவெல்லாம் அப்பா செஞ்சு தர்றாராம் அத்தை" என்கிறாள். கையிலிருந்த கரண்டி நழுவிவிட்டது.

நீங்கள் பல்செட் செய்கிறவர். நல்ல தொழில், குறை சொல்லவில்லை. ஆனால் முதன்முதலாக என் வீட்டுக்கு வந்த அன்று கேக் மேலிருந்த பூவை விரலால் தள்ளி வைத்துவிட்டு, "இதையெல்லாம் யார் தின்னப் போறா? வெறும் பகட்டு" என்றவரும் நீங்கள்தானே? நானும் சும்மா இருக்கவில்லை. "நாங்க இனிப்பு விக்கலைன்னா உங்களுக்குப் பொழப்பு ஏது?" என்று கேட்டுவிட்டேன். அதனால்தான் இந்தப் பேனா.

பகட்டு என்று சொன்னவருக்கு இப்போது என்ன திடீர் ஆசை?

மாப்பிள்ளையின் அம்மா


மார்ச் 9

மதிப்புக்குரிய சம்பந்தி அம்மா அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. இரண்டு முறை படித்தேன். முதல் முறை கோபம் வந்தது. இரண்டாம் முறையும் வந்தது, ஆனால் கொஞ்சம் குறைவாக. பிள்ளைகள் சொன்னதில் விஷயம் இருக்கிறது.

பூவை ஒதுக்கியது உண்மை. அதன் நடுவில் கம்பி இருந்தது. வாய்க்குள் போகிற பொருளில் கம்பி வைப்பது என் தொழிலில் உண்டு. உங்கள் தொழிலில் எதற்கு? இதை அன்றே பக்குவமாகச் சொல்லியிருக்கலாம். சொல்ல வரவில்லை.

திடீர் ஆசை இல்லை. மண்டபத்தை மாப்பிள்ளை பார்த்துக்கொண்டார். சாப்பாடு உங்கள் ஏற்பாடு. உடையும் நகையும் என் பெண்ணே தன் சம்பாத்தியத்தில் வாங்கிவிட்டாள். நான் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டால், "நீங்க வந்து நின்னாப் போதும்ப்பா" என்கிறாள். வந்து நிற்பதற்கு நான் என்ன விளக்குக் கம்பமா?

அவள் அம்மா போனபிறகு அவளுக்குச் சடை பின்னியதிலிருந்து பள்ளிக்கூட நாடகத்துக்குச் சிறகு ஒட்டியதுவரை எல்லாம் இந்தக் கைதான் செய்தது. அவள் கல்யாணத்தில் என் கையால் ஆனது ஒன்றுகூட இல்லை என்றால் எனக்குத் தாங்காது. இதை அவளிடம் சொல்லவில்லை. உங்களிடமும் சொல்வதாக இல்லை. எழுதும்போது வந்துவிட்டது.

மெழுகில் பல் செதுக்குகிற கைக்குச் சர்க்கரையில் இதழ் செதுக்க வராதா? மாதிரிக்கு ஒரு பெட்டி செய்து அனுப்புகிறேன். பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

பெண்ணின் அப்பா


மார்ச் 21

சம்பந்திக்கு,

பெட்டி வந்தது. முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். இவ்வளவு நேர்த்தியான ரோஜாவை நான் சர்க்கரையில் பார்த்ததில்லை. ஒவ்வொரு இதழிலும் நரம்பு தெரிகிறது. என் வீட்டுக்காரர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வந்து பார்த்தார். அவர் எதற்கும் எழுந்து வருகிற ஆள் இல்லை.

இனி மற்றது. உங்கள் பெண் கேட்டது பாலாடை நிறம். நீங்கள் அனுப்பியது என்ன நிறம்? பெட்டியைத் திறந்தால் முப்பத்திரண்டும் என்னைப் பார்த்து இளிக்கிறது. கேக் மேல் வைத்துப் பார்த்தேன். கேக்குக்குப் பல் முளைத்த மாதிரி இருந்தது.

அதுகூடப் பரவாயில்லை. ஒன்றை எடுத்துக் கடித்தேன். கடிபடவில்லை. இன்னும் அழுத்திக் கடித்தேன். பூவுக்கு ஒன்றும் ஆகவில்லை, என் கடைவாய்ப் பல்தான் ஆடுகிறது. என் வீட்டுக்காரர் அதைத் தரையில் போட்டுப் பார்த்தார். அது துள்ளிக்கொண்டு பிரிட்ஜுக்கு அடியில் போய்விட்டது. அப்புறம் சுத்தியலால் தட்டித்தான் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்தோம்.

சர்க்கரையில்தான் செய்தீர்களா? உண்மையைச் சொல்லுங்கள்.

மாப்பிள்ளையின் அம்மா


மார்ச் 26

மதிப்புக்குரிய சம்பந்தி அம்மா அவர்களுக்கு,

ஆடுவது மேல் பல்லா, கீழ்ப் பல்லா? இடமா, வலமா? சூடாக ஏதாவது குடிக்கும்போது கூசுகிறதா? பதில் எழுதவும். அதுவரை அந்தப் பக்கம் மெல்ல வேண்டாம்.

சர்க்கரையில்தான் செய்தேன். மாவு இறுகுவதற்கான பசைப்பொடியை மட்டும், நீங்கள் என் பெண்ணிடம் சொல்லியனுப்பிய அளவைவிட அதிகமாகச் சேர்த்தேன். பல் காயவைக்கிற அடுப்பிலேயே வைத்து எடுத்தேன். கடைசியில் மெருகும் போட்டேன். இத்தனை வருஷமாக என் கைக்குத் தெரிந்தது ஒன்றுதான். வாய்க்குள் வைக்கிற பொருள் உடையக் கூடாது, தேயக் கூடாது, எச்சில் பட்டுக் கரையக் கூடாது. கை அதையே செய்துவிட்டது. நான் தடுக்கவில்லை. உண்மையில் சுத்தியலுக்கும் தாங்கியிருந்தால் இன்னும் சந்தோஷப்பட்டிருப்பேன்.

நிறத்துக்கு எங்களிடம் ஓர் அட்டை உண்டு. ஆள் சிரிக்கும்போது பல் பக்கத்தில் பிடித்து ஒத்துப் பார்ப்போம். பாலாடைக்குக் கிட்டத்தில் இருந்தது இளவயதுக்காரரின் முன்பல் நிறம். அதை எடுத்தேன். பல் மாதிரித் தெரிகிறது என்றால் இதழின் அடியில் கொஞ்சம் இளஞ்சிவப்பு தடவலாம். அந்த நிறமும் கைவசம் நன்றாக வரும். ஈறு செய்து பழக்கம்.

பெண்ணின் அப்பா


மார்ச் 30

சம்பந்திக்கு,

ஈறு வேண்டவே வேண்டாம். அந்தச் சிவப்பு டப்பாவை எடுத்து உயரத்தில் வையுங்கள்.

பல் சரியாகிவிட்டது. கீழ் வலது. கேட்டதற்கு நன்றி.

கடிதத்தைக் கடையிலேயே நின்று படித்தேன். சிரித்த சிரிப்பில் வாங்க வந்தவர் பயந்துவிட்டார். அப்புறம் யோசித்துப் பார்த்தேன். உங்கள் மேல் தப்பில்லை. உங்களுக்கு வாய் என்றால் சாமான் வைக்கிற இடம். எங்களுக்கு வாய் என்றால் சாமான் காணாமல் போகிற இடம். பூவை நாக்கில் வைத்தால் மூடிய வாய் திறப்பதற்குள் அது இருந்த இடம் தெரியக் கூடாது. இனிப்பு மட்டும் நிற்க வேண்டும்.

சொல்கிறேன், எழுதி ஒட்டிக்கொள்ளுங்கள். பசைப்பொடியைப் பாதியாகக் குறையுங்கள். முட்டை வெள்ளைக்கருவை நுரை வர அடித்துச் சேருங்கள். பிசைந்து முடித்ததும் ஒரு துண்டைக் காதுக்குப் பக்கத்தில் பிடித்து இழுத்துப் பாருங்கள். 'டப்' என்று அறுபட்டால் பதம். ரப்பர் மாதிரி இழுபட்டால் இன்னும் சர்க்கரை வேண்டும். இதழின் ஓரத்தை உள்ளங்கையில் வைத்து, உருண்டை முனைக் குச்சியால் தேய்த்துக்கொண்டே போங்கள். கீழே இருக்கும் ரேகை தெரிகிற அளவுக்கு மெலிய வேண்டும். கரண்டிக் குழியில் படுக்க வைத்துக் காற்றில் காயவிடுங்கள். அடுப்பு கூடாது. மெருகு கூடாது.

கம்பி விஷயத்தில் நீங்கள் சொன்னது சரி. இனி என் கடையிலும் கம்பி கிடையாது. இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

மாப்பிள்ளையின் அம்மா


ஏப்ரல் 8

மதிப்புக்குரிய சம்பந்தி அம்மா அவர்களுக்கு,

மாப்பிள்ளை கையில் ஒரு பெட்டி கொடுத்தனுப்புகிறேன். மிகவும் சிரமப்பட்டேன். ஒவ்வொரு இதழும் மெலியும்போது, உடைந்துவிடும், நிறுத்து, நிறுத்து என்று மனசு அடித்துக்கொண்டது. வேண்டுமென்றே பலவீனமாக ஒரு பொருளைச் செய்வது எனக்குப் பாவம் செய்கிற மாதிரி இருந்தது.

நேற்று ஒன்றை வாயில் வைத்தேன். போய்விட்டது. தேடிப் பார்த்தேன், இல்லை. பட்டறையில் தனியாக நின்று சிரித்தேன். இன்னொன்றும் வைத்தேன். பெட்டியில் ஐந்தாறு குறைந்தால் அதுதான் காரணம்.

பெண்ணின் அப்பா


ஏப்ரல் 11

சம்பந்திக்கு,

பெட்டியில் குறைந்தது ஐந்தாறு இல்லை. ஒன்றுகூட மிச்சமில்லை. என் மகன் அதை பஸ்ஸில் தலைக்கு மேல் பலகையில் வைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கியிருக்கிறான். வந்து சேர்ந்தது மாவு. என் வீட்டுக்காரர் அதைப் பாலில் போட்டுக் குடித்துவிட்டு, "ருசி பிரமாதம்" என்றார். ஆக ருசியில் நீங்கள் தேறிவிட்டீர்கள். மகனை நான் திட்டிய திட்டில் அவன் ஒரு நாள் முழுக்க உங்கள் பெண்ணோடுகூடப் போனில் பேசவில்லை.

இனி யார் கையிலும் கொடுக்காதீர்கள். மொத்தத்தையும் செய்து வைத்துக்கொண்டு, கல்யாணத்துக்கு வரும்போது நீங்களே கொண்டு வாருங்கள். முட்டை அட்டையில் பஞ்சு வைத்து, குழிக்கு ஒன்றாக உட்காரவையுங்கள். மடியைவிட்டு இறக்க வேண்டாம். உங்கள் பக்கத்து ஆட்களுக்கு அடுத்த தெருவில் வீடு பேசியாகிவிட்டது.

மாப்பிள்ளையின் அம்மா


ஏப்ரல் 22, அடுத்த தெருவிலிருந்து

அம்மா அவர்களுக்கு,

நேரில் பேசினால் வார்த்தை தடிக்கும். அதனால் இதை என் பெண் கையில் கொடுத்தனுப்புகிறேன். அவள் படிக்கவில்லை. என் முகத்தைப் பார்த்தே தெரிந்திருக்கும்.

இன்று காலை பூக்களைக் கொடுக்க உங்கள் கடையின் பின்கட்டுக்கு வந்தேன். பயணம் முழுவதும் அட்டைகளை மடியில் வைத்துக்கொண்டு, கால் மரத்தும் அசையாமல் வந்தேன். பக்கத்து இருக்கைக்காரர் நான் குழந்தையைத்தான் வைத்திருக்கிறேன் என்று நினைத்து ஜன்னலை மூடினார். வந்து பார்த்தால் உங்கள் மேஜையில் பெரிய கடை ஒன்றின் பெட்டிகள் அடுக்கியிருக்கின்றன. மூடியில் பூப் படம். திறந்து பார்த்தது என் தப்புதான். அச்சில் வார்த்த ரோஜாக்கள், முந்நூறும் ஒரே முகம்.

முன்பே வேறு இடத்தில் சொல்லியாயிற்று என்றால் என்னிடம் ஏன் 'காதுக்குப் பக்கத்தில் இழுத்துப் பாருங்கள்' என்று எழுதினீர்கள்? வயசான ஆள், ஏதோ ஆசைப்படுகிறார், விளையாடட்டும் என்றா? என் பெண்ணும் இதற்கு உடந்தையா என்று கேட்கப் பயமாக இருக்கிறது.

என் அட்டைகளை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். கல்யாணத்துக்கு வந்து நிற்கிறேன். நிற்பதுதானே என் வேலை.

பெண்ணின் அப்பா


ஏப்ரல் 22, மத்தியானம்

சம்பந்திக்கு,

உங்கள் பெண்ணுக்கு எதுவும் தெரியாது. அந்தப் பெட்டிகளைப் பார்த்துவிட்டு என்னோடு ஒரு சண்டை போட்டாள் பாருங்கள், அப்படியே உங்கள் வாய். "எங்கப்பா கையை நம்பலைன்னா என்னையும் நம்பலைன்னுதான் அர்த்தம் அத்தை" என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போய்விட்டாள். எனக்குக் கோபம் வரவில்லை. இப்படி ஒரு பெண்ணை வளர்த்த ஆளிடம் போய் இப்படி நடந்துகொண்டேனே என்றுதான் இருந்தது.

பயந்துவிட்டேன், அவ்வளவுதான். மாவாக வந்த பெட்டியைப் பார்த்ததும் பயம். இந்த ஊரில் பாதிக் கல்யாணத்துக்கு நான்தான் கேக். என் வீட்டுக் கல்யாணத்தில் கேக் மொட்டையாக நின்றால் என்ன ஆகும்? அதனால் ஒரு துணைக்கு வாங்கி வைத்தேன். உங்களிடம் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் நீங்கள் மனசொடிந்து நிறுத்திவிடுவீர்கள் என்று மறைத்தேன். மறைத்ததால் இப்போது இன்னும் மோசமாகிவிட்டது.

நீங்கள் கோபத்தில் போனபோது ஓர் அட்டையை மறந்துவிட்டீர்கள். அந்தக் கடைப் பூவில் ஒன்று, உங்கள் பூவில் ஒன்று தின்று பார்த்தேன். அது சுவரைச் சுரண்டித் தின்ற மாதிரி இருந்தது. உங்களுடையதை நின்ற வாக்கில் நாலு தின்றேன். இரண்டாவதிலேயே எனக்கு அழுகை வந்துவிட்டது. வெங்காயம் உரிக்கிறேன் என்று கடைப் பையன்களிடம் பொய் சொன்னேன். கேக் கடையில் வெங்காயத்துக்கு என்ன வேலை என்று எல்லோரும் பார்த்தார்கள்.

அந்தப் பெட்டிகள் என் மேஜையில் இப்போது இல்லை. பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்துவிட்டேன். துணைக்கு இனி ஒன்றுமில்லை. உங்கள் பூ வந்தால் கேக்குக்குப் பூ, வராவிட்டால் மொட்டை. நீங்கள் பார்த்து எது செய்தாலும் சரி.

வழியில் கீறல் விட்டிருக்கக்கூடியவை, என் வயிற்றுக்குள் போனவை எல்லாம் கழித்தால் முந்நூறுக்கு நிறையக் குறையும். மாவு பிசைந்து ஈரத்துணி போட்டு மூடி வைத்திருக்கிறேன். ஜன்னல் பக்கத்து மேஜையைத் துடைத்து உங்களுக்கென்று விட்டிருக்கிறேன். உங்கள் கத்திகளைக் கொதிநீரில் போட்டு எடுத்துக்கொண்டு வாருங்கள். அவை யார் வாய்க்குள் எல்லாம் போனவையோ!

மாப்பிள்ளையின் அம்மா


ஏப்ரல் 30

சம்பந்தி அம்மாவுக்கு,

நல்லபடியாக ஊர் வந்து சேர்ந்தேன்.

அங்கே சொல்லக் கூச்சமாக இருந்ததை இங்கே எழுதுகிறேன். கப் கேக் மேஜைக்குப் பக்கத்தில் குப்பைக்கூடை இருந்ததல்லவா? விருந்து முழுக்க நான் அதன் அருகில்தான் நின்றேன். வந்தவர்களை வரவேற்கிறேன் என்று நீங்கள் நினைத்திருப்பீர்கள். யாராவது பூவை எடுத்துப் போடுகிறார்களா என்று எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெறும் காகிதக் கிண்ணங்கள்தான் விழுந்தன.

எங்கள் ஊர்த் தபால்காரர் வந்திருந்தாரே, ஓய்வு பெற்றவர், அவர் போட்டிருப்பது என் பல்செட். அவர் என் பூவை வாயில் வைத்து, கண்ணை மூடி, "கரைஞ்சு போச்சுய்யா!" என்றார். நான் செய்த பல் அப்படியே இருக்க, நான் செய்த பூ மட்டும் மறைந்துபோனது. இரண்டும் ஒரே வாயில். என் வாழ்க்கையில் அதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது. என் பெண் ஒன்றை முழுசாக வாயில் போட்டுக்கொண்டு, கன்னம் உப்ப என்னைப் பார்த்தாள். நானும் ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன்.

கல்யாணத்தைவிட அதற்கு முந்தைய இரண்டு நாள்தான் அடிக்கடி நினைவுக்கு வருகிறது. உங்கள் ஜன்னல் மேஜையில் நான் இதழ் தேய்த்துக்கொண்டிருப்பேன். அவள் போகிற போக்கில் நின்று, "அப்பா, இது கோணல்" என்று சொல்லி அதை வாயில் போட்டுக்கொண்டு போவாள். கோணல் இல்லாததையும் கோணல் என்றாள். நீங்கள் அந்தப் பக்கம் நின்று எல்லோரையும் அதட்டிக்கொண்டிருந்தீர்கள். எனக்கு அந்தச் சத்தம்கூடப் பழகிவிட்டது.

இங்கே வீடு ரொம்ப அமைதியாக இருக்கிறது. "எப்ப வேணா வாங்கப்பா" என்கிறாள். எப்போது வேண்டுமானாலும் என்றால் அது எந்த நாள்? பெண்ணைக் கட்டிக்கொடுத்த வீட்டுக்குச் சும்மா போக முடியுமா? நல்ல சட்டை போட்டுக்கொண்டு, பழம் வாங்கிக்கொண்டு போய், கூடத்தில் உட்கார்ந்து, கொடுத்த காபியைக் குடித்துவிட்டு, 'அப்ப நான் வரேன்' என்று எழுந்திருக்க வேண்டும். அதற்கு எனக்கு இன்னும் மனசு வரவில்லை. போகப் போகச் சரியாகும்.

பெண்ணின் அப்பா


மே 12

சம்பந்திக்கு,

உங்கள் பெண் நன்றாக இருக்கிறாள். சாயங்காலம் வேலையிலிருந்து வந்ததும் மாடிக்குப் போகாமல் கடையின் பின்கட்டுக்கு வந்து ஜன்னல் மேஜையில் உட்காருகிறாள். "என்னம்மா?" என்றால், "சும்மா அத்தை" என்கிறாள். எனக்குச் சும்மா தெரியாதா?

போன வாரம் ஓர் அம்மாள் வந்தாள். அவள் மகன் கல்யாணத்துக்குக் கப் கேக் வேண்டுமாம். "உங்க வீட்டுக் கல்யாணத்துல வச்ச அதே பூ. வேற பூ வச்சா வேண்டாம்" என்றாள். நான் சரி என்று சொல்லிவிட்டேன். உங்களைக் கேட்காமல்தான் சொன்னேன். கேட்டால் நீங்கள் இரண்டு முறை யோசிப்பீர்கள்.

பூ செய்கிற பெண்ணுக்குக் குழந்தை பிறந்துவிட்டது. அவள் திரும்பி வர நாளாகும். அவள் வந்தபிறகும் ஒரு கை கூடுதலாக இருந்தால் கடை தாங்கும்.

ஆகவே சம்பந்தி, இனி இந்த வீட்டுக்குப் பழம் வாங்கிக்கொண்டு வராதீர்கள். பழம் வாங்கி வருகிற விருந்தாளியை நாங்கள் சாயங்காலம் வழியனுப்ப வேண்டும். பூ செய்ய வருகிறவரை யாரும் வழியனுப்புவதில்லை. வேலை முடிய எத்தனை நாளோ அத்தனை நாள். எங்கள் கடையில் வேலை முடிந்ததாக நான் இதுவரை பார்த்ததில்லை.

மாப்பிள்ளையின் அம்மா


மே 16

சம்பந்தி அம்மாவுக்கு,

கையில் இரண்டு பல்செட் இருக்கிறது. அதை முடித்துவிட்டுத்தான் கிளம்ப முடியும். ஒருவர் பாலும் ரொட்டியுமாகக் காலம் தள்ளுகிறார், பாவம்.

திங்கட்கிழமை காலை வண்டியில் வந்துவிடுவேன். பழைய சட்டைகளைத்தான் எடுத்து வைத்திருக்கிறேன். சர்க்கரை மாவு படும் அல்லவா? மகளிடம் நீங்களே சொல்லிவிடுங்கள். நான் சொன்னால் எனக்குக் குரல் ஒரு மாதிரியாகிவிடும்.

என்னை எதிர்பார்த்து யாரும் கூடத்தில் உட்கார்ந்திருக்க வேண்டாம். நான் வாசல் மணியை அடிக்க மாட்டேன். நேராகப் பின்கட்டுக்கு வந்துவிடுகிறேன்.

பெண்ணின் அப்பா